அளவு ஜாக்கெட்

இந்த உலகத்தில் எனக்கு ஆகாத பொருள் ஒன்று உண்டென்றால் அது அளவு ஜாக்கெட்தான். பாம்பைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடலாம். அளவு ஜாக்கெட்டைக் கண்டு ஒதுங்கினால் என் வீட்டு அடுப்பு எரியாது.

கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டோரம், பஸ் ஸ்டாப்பை ஒட்டித் தையல் கடை வைத்திருக்கிறேன். விஜயகுமாரி டெய்லர் என்றால் பாகூர் வரைக்கும் தெரியும். ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் ஒரு கையில் புதுத் துணியும் மறு கையில் ஒரு பழைய ஜாக்கெட்டும் கொண்டுவருவார்கள். "இதே அளவுக்குத் தைச்சிடுக்கா" என்று பழசைத் தூக்கி மேஜைமேல் போடுவார்கள். நான் டேப்பை எடுத்தால் போதும், ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்த குழந்தை மாதிரிப் பின்வாங்குவார்கள். கல்யாணமாகி, இரண்டு பெற்று, இளைத்து, பெருத்து, ஆளே மாறியிருப்பாள். அளவு ஜாக்கெட் மட்டும் மாறாது. அதை வைத்துத் தைத்துக் கொடுத்தால் மறுநாளே வந்து, "இன்னாக்கா இப்டி இறுக்குது?" என்று பழியை என் தலையில் போடுவார்கள். இறுக்காமல் பின்னே என்ன செய்யும்?

இந்தக் கூட்டத்துக்கே தலைவி பனித்திட்டு செல்வகுமாரி, எங்களுக்குச் செல்வி. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். அவள் தெருமுனையில் நின்று "மீனேய்" என்று ஒரு குரல் கொடுத்தால் பாகூர் ஏரியில் கொக்கு எழும்பும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நல்ல சிரிப்பு, நல்ல நாக்கு, மீனில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. ஆனால் உடுத்துகிற விஷயத்தில் அவளைப்போல ஒரு கஞ்சப் பிசினாறியை நான் கண்டதில்லை. துணிக்கடையில் அவள் கேட்கிற கலர் ஒன்றே ஒன்று: அழுக்கு தெரியாத கலர். காப்பித்தூள் கலர், புளி கலர், நனைந்த மண் கலர். இருபது வருஷமாக அவளுக்குத் தைக்கிறேன், ஒரு தடவைகூட என் டேப் அவள்மேல் பட்டதில்லை.

போன தை மாதம் அவள் கடைக்கு வந்தபோது கையில் மீன் கூடை இல்லை. முகம் மட்டும் பூரித்துப்போய் இருந்தது.

"யக்கா, ஏலம் வுடப் போறேன்."

"எதடி? என் கடையையா?"

"மீனுக்கா! நாகமுத்து மாமாவுக்குத் தொண்டையில ஆபரேசன் பண்ணிட்டாங்க. இனிமே சத்தம் போடக்கூடாதாம். வேற ஆளு வேணும்னு கிராமத்தார் கேட்டாங்க. அன்புராஜு பேரு குடுத்தான். நானும் குடுத்துட்டேன்."

பனித்திட்டுக் கரையில் ஏலம் விடுவது சாதாரண வேலை இல்லை. போட் கரையேறியதும் மீனைத் தார்ப்பாயில் குவிப்பார்கள். ஏலம் விடுகிறவர் கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியின்மேல் ஏறி வலது கையைத் தூக்குவார். கை மேலே இருக்கிற வரைக்கும் விலை கேட்கலாம். கை இறங்கிவிட்டால் கடைசியாகக் கேட்டவருக்கு மீன் சொந்தம். கடல் இரைச்சலிலும் என்ஜின் சத்தத்திலும் யார் எப்போது என்ன சொன்னார் என்று தினமும் சண்டை வந்ததால் ஏற்பட்ட வழக்கம் அது. கையை மாற்றவும் கூடாது. வலது கை வலிக்கிறது என்று இடது கையைத் தூக்கிய ஒருவரால் மண்டை உடைந்த கதை அங்கே உண்டு. அந்தப் பெட்டியின்மேல் இதுவரை ஒரு பெண் ஏறியதில்லை.

"உங்க ஆளுங்க ஒத்துக்கினாங்களா?"

"சிரிச்சாங்க. நாங்க மீன்காரிங்க எல்லாம் சேர்ந்து போய் நின்னோம். 'மீனு வாங்குறதுல பாதிக்குமேல நாங்க. ஏலம் வுடுறது எங்கள்ல ஒருத்தியா இருந்தா கடல் வத்திப்புடுமா'ன்னு கேட்டேன். ஆளுக்கு ரெண்டு காலையில வுடுங்க, பாத்து முடிவு சொல்றோம்னுட்டாங்க."

"உனக்கு இன்னாத்துக்குடி இந்த வேலை? வெயில்ல அலையிறது கொறையும்னா?"

அவள் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்: "தலையில கூடைய வெச்சிக்கினு தரையப் பாத்தே நடந்துட்டேன்க்கா. ஒரு நாளு மேல ஏறி நின்னு எல்லார் மூஞ்சியையும் பாக்கணும். அவங்களும் என்னை அண்ணாந்து பாக்கணும். ஆசைன்னா அதான்."

அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அடுத்த நிமிஷமே அவள் பைக்குள்ளிருந்து புதுத் துணியை எடுத்தாள். காப்பித்தூள் கலர். கூடவே அந்தப் பழைய அளவு ஜாக்கெட்.

"ஏன்டி, கிராமத்தார் முன்னாடி நிக்கப்போறவ இந்தக் கலரயா எடுப்ப?"

"அழுக்கு தெரியாதுக்கா."

"நீயும் தெரியமாட்ட. சரி, இப்பனாச்சும் வந்து நில்லு, அளவு எடுக்கறேன்."

"அய்ய, கூச்சமா கீது, போக்கா. நேரமும் இல்ல. இதே அளவுக்குத் தைச்சிடு."

அந்த அளவு ஜாக்கெட்டின் வெட்டு எங்கள் பக்கத்து வெட்டே இல்லை. கழுத்து அகலம், தோள் குறுகல், கை பொம்மைக்குத் தைத்ததுபோல. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், எந்தப் புண்ணியவான் தைத்தானோ என்று திட்டியும் இருக்கிறேன். அன்றைக்கும் திட்டிக்கொண்டே அதே அளவில் தைத்தேன். கேட்டதைத்தான் கொடுக்க முடியும்.

அன்புராஜின் முதல் காலை ஏலம் முடிந்ததும் செல்வி வந்து கதை சொன்னாள். வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ் சகிதம் பெட்டிமேல் ஏறினானாம். குரலும் நல்ல குரல்தானாம். ஆனால் அவன் கண் முன்வரிசையில் நிற்கிற வேன்காரர்கள் மேலேயே இருந்ததாம். மீன்காரிகளில் ஒருத்தியால் தனியாக ஒரு குவியலை எடுக்க முடியாது. நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்துதான் எடுப்பார்கள். ஒவ்வொரு விலைக்கும் தலையைச் சேர்த்துப் பேசி, நீ எவ்வளவு நான் எவ்வளவு என்று முடிவு செய்துதான் குரல் கொடுக்கமுடியும். அவர்கள் பேசி முடிப்பதற்குள் அன்புராஜின் கை இறங்கிவிட்டதாம். நாகமுத்து காலத்திலிருந்தே அந்தக் கதைதான் என்றாள்.

"நான் ஏறினேன்னா, அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் கைய எறக்கமாட்டேன்" என்றாள். எனக்கு அப்போதே அவள் ஜெயித்துவிட்டதுபோல இருந்தது.

அவளுடைய முறை வந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நானும் போனேன். கிழக்கு இன்னும் சரியாக வெளுக்கவில்லை. நடேசன் என்பவருடைய போட்டில் சங்கரா மீன் நல்ல பாடு, வலை கொள்ளாத மீன். செல்வியின் கணவன் சுகுமாரும் அந்த போட்டில்தான் கடலுக்குப் போகிறான். தார்ப்பாயில் மீன் மலைபோலக் குவிந்து கிடந்தது. செல்வி பெட்டிமேல் ஏறினாள். காப்பித்தூள் ஜாக்கெட், புளி கலர் சேலை. அந்த அரையிருட்டில் ஆள் ஏறியிருக்கிறாளா இல்லையா என்றே பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

குரல் மட்டும் தெரிந்தது. கையைத் தூக்கி, "சங்கரா! மூவாயிரம்!" என்று ஆரம்பித்ததும் கரையில் எல்லாப் பேச்சும் அடங்கியது. மூவாயிரத்து ஐநூறு, நாலாயிரம் என்று விலை மளமளவென்று ஏறியது. பெண்கள் தலையைச் சேர்த்துப் பேச ஆரம்பித்தார்கள். கடலூர் வேன்காரர் ஒருவர் நாலாயிரத்து ஐநூறு என்றார். செல்வி இன்னும் உயரமாகக் கையை நீட்டினாள்.

சட்டென்று அந்தக் கை கீழே வந்து இடுப்புக்குப் போனது.

"எறங்கிடுச்சி! எனக்குத்தான்!" என்று வேன்காரர் கத்தினார்.

பாதி விலைக்குக்கூட அந்த மீன் போகவில்லை. நடேசன் துண்டை உதறிக்கொண்டு, "கையி நடுங்குறவளுக்கு இன்னாத்துக்கு ஏலம்?" என்று குதித்தார். அன்புராஜ் கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பயந்துடுச்சிபா, பாவம்" என்றான். ஆண்கள் சிரித்தார்கள்.

பெண்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. எங்கள் எல்லாருக்கும் தெரியும் என்ன நடந்ததென்று. கையைத் தூக்கினால் இறுக்கமான ஜாக்கெட் மேலே ஏறும். ஏறினால், எந்தப் பெண்ணாக இருந்தாலும் யோசிக்காமலே கை கீழே வந்து அதை இழுத்துவிடும். அவளுக்கு ஒரு ஹூக்கும் தெறித்திருந்தது. இதை அத்தனை ஆண்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெட்டியிலிருந்து இறங்கிப் போனாள்.

மத்தியானம் என் கடைக்கு வந்து அந்தக் காப்பித்தூள் ஜாக்கெட்டை மேஜைமேல் வீசினாள்.

"உன் ஜாக்கெட்டுதான்க்கா என்னைக் கவுத்துச்சி!"

"என் ஜாக்கெட்டா? நல்லா இருக்குதுடி கதை! உன் அளவு ஜாக்கெட்டு கவுத்துச்சின்னு சொல்லு. தலையால அடிச்சிக்கினேன், வந்து நில்லுன்னு. நின்னியா?"

"நீ கொஞ்சம் லூசா தைச்சிருக்கலாம் இல்ல?"

"லூசா தைச்சா, 'இன்னாக்கா தொளதொளன்னு கீது'ன்னு வருவீங்க. உங்களுக்கு இழுத்தாலும் குத்தம், வுட்டாலும் குத்தம்!"

பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சண்டை போட்டோம். கடைசியில் நான் கடைக் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, டேப்பை எடுத்தேன். அவள் பின்வாங்கினாள். நான் விடவில்லை. சுவரோரமாக நிறுத்தி முதலில் தோளை அளந்தேன். இன்னொரு தடவை அளந்தேன். அப்புறம் கை, கைக்குழி, முதுகு. கூடை தூக்கித் தூக்கி உருண்டு திரண்ட கை. பார்க்கவே கம்பீரமான தோள். அதைப் போய் அந்தப் பொம்மைக் கைக்குள் இத்தனை வருஷம் திணித்திருக்கிறாள்.

அளவு ஜாக்கெட்டை விரித்து அவள் முதுகில் வைத்துப் பார்த்தேன்.

"செல்வி, இது உன் அளவு இல்லடி. எந்தக் காலத்துலயும் உன் அளவா இருந்திருக்காது. சதை ஏறும் எறங்கும், தோள் எலும்பு வளராது. யாருது இது?"

அவள் அந்த ஜாக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"சுனாமி வந்தப்ப எனக்குக் கல்யாணமாயி ஆறு மாசம்க்கா. வூடு போச்சி, பொட்டி போச்சி. கட்டியிருந்த துணியோட ஓடினோம். மண்டபத்துல தங்க வெச்சிருந்தாங்க. லாரி லாரியா துணி மூட்டை வந்துச்சி. எந்த ஊர்லேர்ந்தோ, யாரு குடுத்ததோ. என் கைக்கு வந்த மூட்டையில இது இருந்துச்சி. போட்டுப் பாத்தேன், ஹூக்கு பூந்துச்சி. அப்பறம் புதுசு தைக்கக் குடுக்கும்போது அளவுக்குக் குடுக்க வேற இன்னா இருந்துச்சி? இதத்தான் குடுத்தேன். அதே பழக்கமாப் போச்சி."

இருபது வருஷம். பொங்கலுக்கு, தம்பி கல்யாணத்துக்கு, மாசி மகத்துக்கு என்று அவளுக்காக நான் தைத்த அத்தனை ஜாக்கெட்டும் எங்கேயோ இருக்கிற, முகம்கூடத் தெரியாத ஒருத்தியின் உடம்புக்குத் தைத்தவை. இவள் அதற்குள் தன்னை மடக்கி மடக்கி வைத்துக்கொண்டு, கையை முழுசாக மேலே தூக்காமலே வாழப் பழகியிருக்கிறாள். நினைக்க நினைக்க எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஜாக்கெட்டைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அப்போ இத்தினி வருசமா நீ அவளுக்குத்தான் தைச்சியா? நான் சும்மா போட்டுப் பாத்துக்கினு இருந்தேனா?" சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க இருந்தாலும் அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்க்கா. அவசரத்துக்கு மானத்தக் காப்பாத்தினா. ஆனா அவளுக்குத் தோளே இல்லக்கா!"

நானும் சிரித்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். ஏனென்றால் அவளுடைய இரண்டாவது ஏலம் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

கலருக்கு ஒரு பெரிய போராட்டம் நடந்தது. அலமாரியில் இருந்த துணியையெல்லாம் இறக்கினேன். அவள் கை நேராக மங்கிய சாம்பல் கலருக்குப் போனது. அந்தக் கைமேல் ஒரு அடி வைத்தேன்.

"விடியக் காலையில செவப்பு கூட கறுப்பாத்தான் தெரியும். எலுமிச்சம்பழ மஞ்சள்தான் உனக்கு. கைய தூக்கினா போட்டுல வர்றவனுக்கே தெரியணும்."

"மஞ்சளா? அழுக்காவுமேக்கா."

"துவைச்சிக்க! உனக்கு இன்னா, சோப்பு வாங்க வக்கில்லியா?"

"மேட்சிங்கா சேலை இல்லியே."

"இப்ப காண்ட்ராஸ்ட்தான்டி ஃபேஷன். உன்கிட்ட ஒரு கருநீலம் இருக்குது, உங்க நாத்தனார் எடுத்துக் குடுத்தது. பொட்டியிலயே மக்கிக்கினு கெடக்குது. அதக் கட்டு."

முழங்கை வரைக்கும் கை வைத்தேன். அக்குளில் ஒரு சதுரத் துண்டை வைத்துத் தைத்தேன். அது இருந்தால் கை எவ்வளவு மேலே போனாலும் ஜாக்கெட் நின்ற இடத்தில் நிற்கும். கீழ்ப்பட்டியை இரண்டு விரற்கடை இறக்கினேன். ஹூக்கை ஒற்றைக்கு இரட்டையாகப் போட்டேன். வேறு யாருக்கும் நான் இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தைத்ததில்லை, என் கல்யாண ஜாக்கெட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்து போட்டுப் பார்த்தாள். கடைக் கண்ணாடி முன்னால் நின்றாள். மெதுவாக வலது கையைத் தூக்கினாள். முழுசாக மேலே போனது. இழுப்பில்லை, பிடிப்பில்லை. இறக்கினாள். திரும்பவும் தூக்கினாள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"யக்கா, நான் இவ்ளோ பெரிய ஆளா?"

"எப்பவுமே இவ்ளோ பெரிய ஆளுதான்டி. நீதான் மடிச்சி வெச்சிருந்த."

அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. என் கட்டிங் ஸ்டூலை வாசலில் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறினாள். கையைத் தூக்கி, தைத்து முடித்து மடித்து வைத்திருந்த ஜாக்கெட்டுகளைக் காட்டி ஏலம் விட ஆரம்பித்துவிட்டாள். "மெரூன் கலரு, பட்டு பார்டரு! நூறு! நூத்தம்பது!" பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு காலேஜ் பொண்ணு இருநூறு என்றாள். பால்கார அரிகரன் சைக்கிளை நிறுத்தி, மனைவிக்கு என்று சொல்லி முந்நூறு கேட்டான். கடலூர் பஸ் வந்தது, யாரும் ஏறவில்லை. கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டி, "எம்மா, கைய எறக்கும்மா, இதுங்க ஏறட்டும்!" என்று கத்தினார். மெரூன் ஜாக்கெட் ஒரு வாத்தியாரம்மாவுடையது. முந்நூறுக்குப் போயிருந்தால் நான் ஊரைவிட்டே ஓடியிருக்கவேண்டும்.

மறுநாள் விடியுமுன் நான் பனித்திட்டுக்குப் போனபோது செல்வி வீட்டு வாசலில் மாமியார் தையலம்மாள் நின்றிருந்தது. அந்தம்மாளும் ஒரு காலத்தில் மீன்காரிதான். மருமகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தெருவெளக்கு மாதிரி கீற" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிட்டது. செல்வி முகம் சுருங்கிவிட்டது. நான் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "தெருவெளக்குன்னா எரியத்தான் செய்யும், நட" என்றேன்.

கரையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வேன்கள் வரிசையாக நின்றன. அன்புராஜும் வந்திருந்தான், இன்றைக்கும் வெள்ளைச் சட்டை. முதலில் கரையேறியது நடேசனின் போட். அன்றைக்கும் சங்கராதான், முன்னைவிட நல்ல பாடு.

"என் மீனுக்கு இவ வேணாம்" என்றார் நடேசன்.

நாகமுத்து ஒரு ஓரமாகத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். பேசக்கூடாத மனுஷன், கையை மட்டும் நீட்டிப் பெட்டியைக் காட்டினார். முறை அவளுடையது, ஏறட்டும் என்று அர்த்தம். நடேசன் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கினார். போட்டோரம் நின்ற சுகுமார் மனைவியைப் பார்த்த பார்வையைச் சொல்லவேண்டும். கல்யாணத்தன்றுகூட அவன் அப்படிப் பார்த்திருக்கமாட்டான்.

செல்வி பெட்டிமேல் ஏறினாள். கருநீலச் சேலை, எலுமிச்சை மஞ்சள் ஜாக்கெட். கை மேலே போனது. அந்த மங்கல் வெளிச்சத்தில் கரையில் இருந்த அத்தனை கண்ணும் அந்த மஞ்சள் கைக்குப் போனது. பின்னால் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள்.

"சங்கரா! அய்யாயிரம்!"

வேன்காரர்கள் ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒன்பதாயிரம் வந்ததும் வேகம் குறைந்தது. கடலூர் வேன்காரர், அதே ஆள்தான், பத்தாயிரம் என்று சொல்லிவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அன்புராஜாக இருந்தால் அத்தோடு கை இறங்கியிருக்கும்.

பின்வரிசையில் மீன்காரிகள் ஏழெட்டுப் பேர் தலையைச் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ராஜாமணி என்கிறவள் விரலை மடக்குகிறாள். இன்னொருத்தி தலையாட்டுகிறாள். வேறொருத்தி மாட்டேன் என்கிறாள். மறுபடியும் பேசுகிறார்கள்.

"எறக்குமா கைய!" என்றார் வேன்காரர்.

"பத்தாயிரம்" என்றாள் செல்வி. கை இறங்கவில்லை.

"இன்னும் எத்தினி நேரம்?"

"கையி என்னுது, வலிச்சா எனக்குத்தான வலிக்கும்? உனக்கு இன்னா? பத்தாயிரம்!"

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை அவளைப் பார்த்து அல்ல. நான் என் தையலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்குள் துண்டு அசையவில்லை, கீழ்ப்பட்டி ஏறவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவள் யாரையும் அவசரப்படுத்தவில்லை. பெட்டிமேல் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை. எல்லா முகமும் அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

"பதினொண்ணு!" என்று பின்னாலிருந்து ராஜாமணியின் கீச்சுக்குரல் வந்தது. "நாங்க எட்டுப் பேரு கூட்டு!"

வேன்காரர் பதினொன்றரை என்றார். பெண்கள் மறுபடியும் தலையைச் சேர்த்தார்கள். கை மறுபடியும் காத்திருந்தது. பன்னிரண்டு என்றாள் ராஜாமணி. வேன்காரர் அந்த மஞ்சள் கையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், இது இன்றைக்கு முடியாது என்று தெரிந்துகொண்டு தலையை ஆட்டிவிட்டார். செல்வி மூன்று தடவை கேட்டாள். அப்புறம்தான், அவளாக நினைத்தபோது, கையை இறக்கினாள்.

பெண்கள் போட்ட கூச்சலில் கொக்கு என்ன, போட்டே எழும்பியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சங்கராவுக்கு வழக்கமாக வருகிற விலையைவிட நடேசனுக்கு அதிகம்தான் வந்தது. ஆனாலும் அந்த மனுஷன் சிரிக்கவேண்டுமே. "கையி பரவால்ல, நிக்குது" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. தையலம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து, கிராமத்தாரைப் பார்த்து, "நான் காலையிலயே சொன்னேன், தெருவெளக்கு மாதிரி கீறான்னு. வெளக்கு இருந்தாத்தான கணக்கு நேரா இருக்கும்?" என்றது. காலையில் சொன்னதற்கு இதுதான் அர்த்தம் என்று அந்தம்மாள் சத்தியம் செய்தாலும் நான் நம்பமாட்டேன். செல்வி நம்பிவிட்டாள், மாமியாரைக் கட்டிக்கொண்டாள்.

அன்புராஜ் தன் இரண்டாவது காலையில் பெண்கள் பேசி முடிக்கிற வரைக்கும் கையைத் தூக்கியே வைத்திருந்து பார்த்தானாம். பாதியில் கை நடுங்கிவிட்டதாம். பாவம், அவன் என்றைக்குக் கூடை தூக்கினான்? கிராமத்தார் ஏலத்தைச் செல்விக்கே கொடுத்துவிட்டார்கள். விடியக் காலையில் ஏலம், அதற்குப் பிறகு வழக்கம்போல எங்கள் தெருவுக்கு மீன்.

இதெல்லாம் நடந்து ஒரு மாதம் கழித்து, மாசி மகத்துக்கு முன்னால் கடைக்கு வந்தாள். கையில் புதுத் துணி. கிளிப்பச்சை. கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன், கிளிப்பச்சைதான்.

"அழுக்காவும்டி" என்றேன்.

"துவைச்சிக்கறேன். சோப்பு வாங்க வக்கு கீது."

"சரி, அந்த மஞ்சள் ஜாக்கெட்ட குடு. இனிமே அதான் உனக்கு அளவு ஜாக்கெட்டு."

"கொண்டாரல."

"ஏன்டி?"

"எனக்கு அளவு ஜாக்கெட்டே வேணாம்க்கா. வர்றப்பலாம் டேப்பு போடு."

"ஒரு மாசத்துல இன்னாடி மாறிடப் போற?"

"யாருக்குத் தெரியும்?" என்றாள் செல்வி. "இன்னும் வளந்தாலும் வளருவேன்."

நான் சொல்லாமலே கண்ணாடி முன்னால் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினாள். கூச்சமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நான் டேப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"சீக்கிரம் வாக்கா, கையி எறங்குச்சின்னா உன் கடை வேற யாருக்காவது போயிடும்" என்றாள்.